டூப்ளிகேட் என்று மூடுவதை நிறுத்தினால் என்ன?

2025 பிப்ரவரி 8, சனி, மாலை 6:12 (இழையைத் தொடங்கியவர்)

இந்தத் தமிழ் நிரலாக்கக் கேள்வி-பதில் தளத்தில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. மூன்று கேள்வி கேட்டேன். மூன்றையும் டூப்ளிகேட் (ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி) என்று மூடிவிட்டீர்கள். மூடிவிட்டால் யாரும் விடை போட முடியாது. நீங்கள் காட்டிய பழைய கேள்விகளைப் படித்தேன், என் சிக்கல் தீரவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். அந்தப் பட்டனையே எடுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?

பிப்ரவரி 8, இரவு 10:50 (பதில் எழுதியவர்; இதன் பின் வருபவை எல்லாம் இவருடையவை)

நஷ்டம் தேடி வருகிறவருக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2007ல். அப்போது ஒரு பிழைச் செய்தியைத் தேடினால் நாற்பது பக்கம் வரும், எல்லாவற்றிலும் கேள்விதான் இருக்கும். விடையை மங்கலாக்கிக் காட்டிப் பணம் கட்டச் சொன்ன தளம்கூட ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்தின் அடிவரை உருட்டினால் அதே விடை சும்மா கிடக்கும் என்பதை எனக்கு ஒரு சீனியர் ரகசியம் மாதிரி சொல்லிக் கொடுத்தார். 2008 செப்டம்பரில் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தைத் திறந்தார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், நல்ல விடை மேலே. எங்களுக்கு அதுவே பெரிய விஷயம். விம் எடிட்டரிலிருந்து வெளியே வருவது எப்படி என்று 2012ல் ஒருவர் அங்கே கேட்டார். 2017க்குள் அந்தப் பக்கம் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. அத்தனை பேரும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் பாதிப் பேர் இன்னும் விம்முக்குள்தான் இருந்திருப்பார்கள்.

பட்டன் இருக்கட்டும் தம்பி.

பிப்ரவரி 9, காலை 7:35

தூக்கம் வராமல் உங்கள் மூன்று கேள்விகளையும் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் அச்சு அசல் டூப்ளிகேட். இன்று வந்திருந்தாலும் மூடியிருப்பேன்.

மூன்றாவதை மூடியது நான்தான். நினைவே இல்லை. நேரத்தைப் பார்த்தால் கேள்வி வந்து நாலாவது நிமிடம். "பைத்தான் பாலிண்ட்ரோம் தவறான விடை தருகிறது" என்று தலைப்பு. (பைத்தான் ஒரு நிரல் மொழி, பாலிண்ட்ரோம் திருப்பிப் படித்தாலும் மாறாத சொல்.) தலைப்பை மட்டும் படித்திருக்கிறேன், வேறென்ன.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு டேக்கில் (தலைப்பு வகையில்) தங்கப் பதக்கம் வாங்கியவர் தனி ஆளாகவே டூப்ளிகேட் என்று மூடலாம். சுத்தியல் என்பார்கள். அதை அப்படியே இங்கேயும் கொண்டுவந்தோம், எனக்கு ஒரு சுத்தியல் கிடைத்தது. கையில் சுத்தியல் இருப்பவன் கண்ணுக்கு எல்லாம் ஆணியாகத் தெரியும் என்று சொல்வதை நான் மற்றவர்களைப் பற்றிய பழமொழி என்றுதான் நினைத்திருந்தேன்.

கேள்வியைத் திறந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, பகல் 12:20

விடையை அங்கே போட்டுவிட்டேன். ஏன் இது டூப்ளிகேட் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன், இந்த இழைக்கு அது வேண்டும்.

தம்பிக்குக் கல்லூரி லேபில் பாலிண்ட்ரோம் பயிற்சி. எல்லோரும் "மேடம்" என்பதை ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் போக, இவர் "விகடகவி" போட்டிருக்கிறார். நிரல் "இல்லை" என்றது. தெனாலிராமனுக்கே இல்லையா என்று குழம்பிப் போய் இங்கே கேட்டிருக்கிறார். நான் காட்டிய பழைய கேள்வியில் இருந்த விடை: சரத்தை (எழுத்து வரிசையை) [::-1] போட்டுத் திருப்பி ஒப்பிடு. அதைத்தான் அவர் ஏற்கெனவே செய்திருக்கிறார்! அவருடைய கேள்வியில் இருந்த வரியையே அவருக்கு விடையாகக் காட்டியிருக்கிறேன்.

நமக்கு விகடகவி ஐந்து எழுத்து. வி, க, ட, க, வி. பைத்தானிடம் நீளம் கேட்டால் 7 என்று சொல்லும். கணினி எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் "வி" என்பது ஒரு குறியீடு இல்லை. வ ஒன்று, இகரக் குறி ஒன்று. ஆக ஏழு குறியீடுகள். திருப்பிப் போட்டால் முதலில் வந்து நிற்பது அந்தக் குறி. ஏற இடமில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். முன்னால் வகரம், பின்னால் குறி, எப்படிச் சமமாகும்? தாத்தா, மாமா, பாப்பா யாரும் தேற மாட்டார்கள். குறி எதுவும் ஏறாத சொல்தான் தப்பிக்கும்.

செய்ய வேண்டியது, முதலில் எழுத்து எழுத்தாக வெட்டி ஒரு பட்டியலில் போட்டுக்கொண்டு அந்தப் பட்டியலைத் திருப்புவது. பைத்தானோடு வரும் வசதியில் இது இல்லை. ரெஜெக்ஸ் என்று தனியாக நிறுவும் தொகுப்பில் பின்சாய்வுக் கோடும் பெரிய எக்ஸும் போட்டால் வெட்டித் தரும். ஸ்விஃப்ட் மொழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே எண்ணினாலே 5 வரும்.

பழைய விடையில் இன்னொரு கோளாறும் பார்த்தேன். அது பைத்தான் 2 காலத்தது. அதில் சாதாரணச் சரம் என்பது வெறும் பைட் வரிசை. யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், எனவே விகடகவிக்கு நீளம் 21. பைத்தான் 2க்கு ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்தது. நம் தளத்தில் அந்த விடை இன்னும் 64 ஓட்டோடு முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பிப்ரவரி 9, பகல் 12:41

திருத்தம். "தப்பிக்கும்" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். உல்டாவும் நடக்கும். "காக" என்று போட்டுப் பாருங்கள். க, கால், க. திருப்பினாலும் அதேதான். பாலிண்ட்ரோம் இல்லாததை ஆம் என்று சொல்லும். அதாவது பழைய விடை தமிழுக்கு இரண்டு பக்கமும் தப்பு.

பிப்ரவரி 9, மாலை 5:05

க்ஷ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அந்த எக்ஸ் க்ஷவை இரண்டாக வெட்டும். ஸ்ரீயையும்தான். யூனிகோடின் வெட்டு விதியில் தேவநாகரி, தெலுங்கு, மலையாளக் கூட்டெழுத்துகளைச் சேர்த்துப் பிடிக்கும் வழியை 15.1ஆம் பதிப்பில் கொண்டுவந்தார்கள், தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் அது நமக்கு நல்லதுதான். பக்கம் என்பதில் க்கவைச் சேர்த்து ஒரே எழுத்து என்று யார் சொல்வார்கள்? க்ஷவும் ஸ்ரீயும் மட்டும் அனாதை. தேவைப்பட்டால் கையால் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கொ, கோ விஷயத்தை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே கொவை இரண்டு விதமாகத் தட்டலாம், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிடுவதற்கு முன் நார்மலைஸ் செய்யுங்கள், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான். யோசனை இழை இது, தொல்காப்பிய வகுப்பு இல்லை.

பிப்ரவரி 11, இரவு 9:15

யோசனைக்கு வருகிறேன். என்னுடையது ஒன்றே ஒன்று.

டூப்ளிகேட் என்று மூடுபவர் ஒரு வரி எழுத வேண்டும். பழைய கேள்வியில் எந்த விடை, அந்த விடையில் எந்த இடம், உன் சிக்கலை எப்படித் தீர்க்கிறது. "மூன்றாவது விடையின் இரண்டாம் பத்தியைப் பார், உன் நிரலில் 8ஆம் வரியில் அந்த மாற்றத்தைச் செய்" என்ற மாதிரி. எழுதாமல் மூட முடியாது.

இப்போது என்ன நடக்கிறது? ஒரு சுட்டி மட்டும் போகிறது. சுட்டியைத் தட்டினால் பதினோரு விடை, நாற்பது கருத்து. ஆறு வருட அனுபவம் உள்ளவனுக்கு அதில் எது தன் சிக்கல் என்று தெரியும். ஆறு வாரக்காரனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டான்.

பிப்ரவரி 12, காலை 8:40

இரவுக்குள் பதினேழு பதில். அதில் பாதி டவுன்வோட்டைப் பற்றி! நான் அதைப் பற்றிப் பேசவே இல்லையே.

சரி, கேட்டதால் சொல்கிறேன். டவுன்வோட்டை எடுக்க வேண்டாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு விடையைக் கீழே தள்ளினால் எழுதியவருக்கு 2 பாயிண்ட் போகும், தள்ளியவருக்கும் 1 போகும். அந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. கோபத்துக்கு ஒரு சின்ன விலை வைத்திருக்கிறார்கள். நாம் இதைச் செய்யவில்லை, இங்கே தள்ளுவது இலவசம். கொண்டுவரலாம்.

கேள்விக்கு அதிகப் பாயிண்ட் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு: அங்கே நல்ல கேள்விக்கு ஓட்டு விழுந்தால் 5 என்றிருந்ததை 2019 நவம்பரில் 10 ஆக்கினார்கள். முதலில் முகம் சுளித்தேன், பிறகு மனதை மாற்றிக்கொண்டேன். விகடகவிக் கேள்வி என் விடையைவிடக் குறைந்ததா? கேள்வி இல்லாவிட்டால் நான் அந்த எக்ஸைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டேன்.

பிப்ரவரி 12, காலை 8:52

மாடரேட்டர் நண்பர் ஒருவர் தனிச்செய்தியில்: "ஒரு வரி எழுத யாருக்கு நேரம்? நாங்கள் எல்லாம் சம்பளம் வாங்குகிறோமா?"

நியாயம். எழுதிப் பார்க்காமல் எழுதச் சொல்வது எளிது. இன்றிலிருந்து ஒரு வாரம் நான் மூடும் ஒவ்வொன்றுக்கும் கையால் கருத்துப் பெட்டியில் அந்த வரியை எழுதுகிறேன். எழுத வரவில்லை என்றால் மூட மாட்டேன்.

பிப்ரவரி 14

இரண்டு நாளில் ஆறு. சோர்வாக இருக்கிறது.

பிப்ரவரி 15, சனி, மாலை 4:10

கிளைக்கதை, மன்னிக்கவும். "தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்" என்று தம்பி முதலில் எழுதியிருந்தார். நான் நம்பவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு அலட்சியம். இன்று நம் தேடல் பெட்டியில் நானே தேடினேன்.

பைத்தான் என்று தட்டினால் ஒரு கூட்டம், பைதான் என்று தட்டினால் வேறு கூட்டம். அரே, அர்ரே, அணி மூன்றும் ஒரே பொருள்தான், தேடலில் மூன்று தனி உலகம். ஒருவர் "லூப்" என்கிறார், ஒருவர் "மடக்கு", ஒருவர் "சுழற்சி". ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்கள் தனி ஜாதி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கு ஜப்பானிய, ரஷ்ய, போர்ச்சுகீசிய, ஸ்பானியப் பதிப்புகள் தனித்தனியாக உண்டு, தமிழில் கிடையாது. முதன்மைத் தளத்தில் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். அதனால்தான் இந்தத் தளமே தொடங்கினோம். ஆனால் டேக்குகளுக்கு மாற்றுச் சொல் பட்டியல் போட ஒருவரும் உட்காரவில்லை, நான் உட்பட.

பிழைச் செய்தி மட்டும் எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரே வரி. தேடினால் அகப்படுவது அது ஒன்றுதான். ஆனால் அதைத்தான் யாரும் ஒட்டுவதில்லை. செல்போனில் திரையைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நேற்று ஒரு படத்தில் பிழைச் செய்தியின் மேல் டியூப்லைட் வெளிச்சம் பளபளத்தது, ஓரத்தில் கேட்டவரின் கட்டைவிரல். எந்தத் தேடல் இயந்திரம் இதைக் கண்டுபிடிக்கும்? எழுத்தாக ஒட்டாமல் கேள்வியை அனுப்ப முடியாதபடி செய்யலாம். (என் ஒன்றே ஒன்று இரண்டாகிவிட்டது.)

பிப்ரவரி 17, இரவு 11:30

"கேள்வி-பதிலே வேண்டாம், எல்லோரும் சேர்ந்து தமிழில் ஆவணம் எழுதுவோம்" என்பவருக்கு. ஆசை நல்ல ஆசை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016ல் டாக்குமென்டேஷன் என்று அதையே தொடங்கி 2017 ஆகஸ்டில் மூடியது. அத்தனை ஆள்பலம் இருந்த இடத்திலேயே ஓடவில்லை. என் கணிப்பு, ஒருவர் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் கை தானாக எழுதும். வெறும் தலைப்பைக் கொடுத்து எழுது என்றால் எழுதாது. நான் 2019ல் தொடங்கிய "சரங்கள் – ஓர் அறிமுகம்" இன்னும் ஒன்றரைப் பத்தியில் நிற்கிறது.

"ஏஐயிடம் கேட்டால் போதுமே" என்பவருக்குப் பிறகு. தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 19, புதன், இரவு 10:00

ஒரு வாரக் கணக்கு. மூடலாம் என்று கை போனவை 21.

பதின்மூன்றுக்கு வரி உடனே வந்தது. அரை நிமிடம்.

ஐந்துக்குத் தேட வேண்டியிருந்தது. விடை முதலிடத்தில் இல்லை. ஒன்றில் அது ஏழாவது விடைக்குக் கீழே ஒரு கருத்தில் இருந்தது. அந்தச் சுட்டியை நம்பி வந்தவன் எங்கே போய்த் தேடுவான்? கேள்வி கேட்டவர் ஒரு விடையை ஏற்றுக்கொண்டு பச்சைக் குறி போட்டுவிட்டால் அந்த விடை என்றென்றைக்கும் மேலேயே நிற்கும் என்ற ஏற்பாட்டை 2021ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே கைவிட்டது. நாம் இன்னும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பைத்தான் 2 விடை உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். 64 ஓட்டு என்று ஓட்டின் மேல் பழி போட்டிருந்தேன், அது தவறு. புதிய விடைக்கு 71 இருக்கிறது. பச்சைக் குறிதான் கீழே தள்ளி வைத்திருக்கிறது.

மூன்று டூப்ளிகேட்டே இல்லை. இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "இந்த விடை உன் சிக்கலை இப்படித் தீர்க்கிறது" என்று எழுத ஆரம்பித்தால் வாக்கியம் பாதியில் நிற்கிறது. அங்கே கேட்டவர் கோப்பை வாசிக்கும்போது சிக்கல், இங்கே எழுதும்போது. பிழைச் செய்தி ஒன்று, காரணம் வேறு. முந்தைய வாரமாக இருந்திருந்தால் மூன்றையும் மூடிவிட்டுப் பெருமையாக அடுத்ததற்குப் போயிருப்பேன். இருபத்தொன்றுக்கு மூன்று. ஏழு வருடமாக மூடிக்கொண்டிருக்கிறேன். பெருக்கிப் பார்க்கப் போவதில்லை.

அந்த வரி புதியவருக்கு உதவி என்று நினைத்துத்தான் சொன்னேன். முதலில் அது சுத்தியல் வைத்திருப்பவனுக்குப் போட்ட பிரேக்.

பிப்ரவரி 19, இரவு 10:25

மாடரேட்டர் நண்பரின் பேச்சு இன்னும் உறுத்துகிறது. எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் போனது, அதில் பாதி அந்த மூன்றுக்கே. இலவசமாக உழைப்பவர்கள் மேல் சுமை ஏற்றுவதை லேசாக எடுக்கக் கூடாது. 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி விடைகள் வெள்ளமாக வந்தபோது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அவற்றைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு, அப்படிப்பட்ட விடைகளை நீக்குவதில் மாடரேட்டர்கள் கையை நிர்வாகம் கட்டியதும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். தளத்தை நடத்துவது யார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

ஆகவே திருத்தப்பட்ட யோசனை: மூன்று பேர் ஓட்டுப் போட்டு மூடினால் வரியை ஒருவர் எழுதினால் போதும். தனி ஆளாகச் சுத்தியல் அடிப்பவர் கட்டாயம் எழுத வேண்டும். அதிகாரம் தனி ஆளிடம் இருந்தால் வேலையும் தனி ஆளுக்கே.

ஏஐ விஷயம்: விகடகவியை நானும் ஒன்றிடம் கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை [::-1] தான் தந்தது, என்னை மாதிரியே. தவறு என்றதும் உடனே மன்னிப்புக் கேட்டுச் சரியானதைத் தந்தது. அந்த மன்னிப்பைத் தம்பியிடம் நான் இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தம்பி, மன்னியுங்கள்.

பிப்ரவரி 20

"பரவாயில்லை அண்ணா, லேபில் ரெக்கார்டு நோட்டு ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டது, ஆங்கிலத்தில்தான் எழுதிக் கொடுத்தேன்" என்று பதில் வந்திருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு, காலை 11:15

நிர்வாகி சோதனைக்காக அந்த ஒரு வரியை எழுதும் பெட்டியைக் கொண்டுவந்துவிட்டார். சுத்தியல்காரர்களுக்கு மட்டும். பச்சைக் குறியும் இனி மேலே ஒட்டிக்கொண்டிருக்காது. டேக் மாற்றுச் சொல் பட்டியலுக்கு ஆள் தேடுகிறார்கள். பைதான், அர்ரே வரைக்கும் நான் எடுத்துக்கொண்டேன், மீதிக்கு வாருங்கள்.

புதியவர்களின் முதல் கேள்வியைப் பொதுவில் போடும் முன் தனி அறையில் வைத்துத் திருத்தித் தருவது (ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2024ல் ஸ்டேஜிங் கிரவுண்ட் என்று வந்ததே, அது) இப்போதைக்கு இல்லை. அதற்கு ஆள் வேண்டும், நம்மிடம் இருப்பதே ஒன்பது பேர்.

மார்ச் 2, பகல் 1:30

பெட்டியில் ஒரு பிழை. "குறைந்தது 40 எழுத்து" என்று போட்டிருக்கிறார்கள். நான் 29 எழுத்துத்தான் எழுதினேன், ஏற்றுக்கொண்டது. கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனி எழுத்தாக எண்ணியிருக்கிறது!

பிழை அறிக்கை போட்டேன். பத்து நிமிடத்தில் டூப்ளிகேட் என்று மூடிவிட்டார்கள், விகடகவிக் கேள்விக்குச் சுட்டி கொடுத்து. கீழே ஒரு வரி: "முதல் விடை, நான்காம் பத்தி. எண்ணும் முன் வெட்ட வேண்டும், பெட்டியின் நிரலிலும் அதேதான்." சரியாகத்தான் மூடியிருக்கிறார்கள், எதிர்த்துப் பேச இடமில்லை.

மார்ச் 3

சரிசெய்துவிட்டார்கள். க்ஷவை இன்னும் இரண்டாகத்தான் எண்ணுகிறது. விடுங்கள், அதற்குத் தனிக் கேள்வி போட்டுக்கொள்ளலாம்.